நானும் மகளும் மறைத்த நோவு

என் மகள் தர்சினிக்கு முதுகு நோகத் தொடங்கியது எனக்குத் தெரியும். என் மனைவி விமலாவுக்குத் தெரியாது. நான்கு மாதங்களுக்கு மேல் நிலைமை அப்படியே இருந்தது. இனி எழுதப்போவதில் வைத்தியர்களும் இயந்திரங்களும் எலும்பின் படங்களும் வரும். எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது இந்த ஒரு விஷயம் என்பதால் அதை முதலிலேயே எழுதிவிடுகிறேன்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. நாங்கள் நியூசிலாந்தில், ஒக்லாந்தின் மேற்கே கிளென் ஈடனில் வாடகை வீட்டில் இருந்தோம். யாழ்ப்பாணத்தில் நில அளவைப் படங்கள் வரைந்துகொண்டிருந்த நான், இங்கே மங்கரேயில் விமான நிலையத்துக்குப் பக்கத்துச் சரக்குக் கொட்டில் ஒன்றில் பெட்டி ஏற்றி இறக்கினேன். விடிய ஐந்து மணிக்குத் தொடங்கும் வேலை பகல் ஒரு மணிக்கு முடியும். விமலாவுக்கு ஒரு முதியோர் இல்லத்தில் பராமரிப்பாளர் வேலை, பெரும்பாலும் பின்னேரங்களில். ஆகவே பள்ளிக்கூடம் விட்ட பிறகு தர்சினி என் பொறுப்பு.

எட்டு வயதில் பள்ளித் தோழி ஒருத்தியின் பின்னால் போய் அவள் ரிதமிக் ஜிம்னாஸ்டிக்ஸில் சேர்ந்தாள். பெரிய கம்பளம் ஒன்றின் மேல் இசைக்கு ஏற்ப ஆடுவது அது. கையில் பந்தோ வளையமோ கயிறோ இருக்கும். அல்லது ஒரு குச்சியின் நுனியில் கட்டிய ஆறு மீற்றர் நாடா. காலைக் காதோடு சேர்த்துத் தூக்க வேண்டும். முதுகைப் பின்னால் வளைத்து, தலை குதிக்காலைத் தொடும்வரை போக வேண்டும். பதினான்கு வயதில் அவள் அந்த வயதுப் பிரிவில் எல்லோரும் பெயர் சொல்லும் பிள்ளையாகிவிட்டாள். கிழமையில் ஐந்து நாள் பயிற்சி.

நாடாவை இஸ்திரி போடுவது என் வேலை. குசினி மேசையில் துவாயை விரித்து, சூட்டைக் குறைத்து, ஆறு மீற்றரையும் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துத் தேய்ப்பேன். சரக்குக் கொட்டிலில் என் பெயரைச் சரியாகச் சொல்ல யாரும் முயன்றதில்லை. அந்தப் பயிற்சி மண்டபத்தில் நான் தர்சினியின் அப்பா. அவள் ஆடி முடித்ததும் முன்பின் தெரியாதவர்கள் வந்து என் கையைப் பிடித்துக் குலுக்குவார்கள். அந்தக் கைகுலுக்கல் எனக்கு வேண்டியிருந்தது. பிறகு நடந்தவற்றில் அதற்கும் பங்கு உண்டு.

ஜனவரி இங்கே கோடை. விடுமுறைப் பயிற்சி முகாம் முடிந்து காரில் வந்த ஒரு நாள், தர்சினி இருக்கையில் சாயாமல் முன்னால் குனிந்தபடி இருந்தாள்.

"என்ன பிள்ளை, முதுகு பிடிச்சிட்டுதோ?"

"கொஞ்சம் நோகுது. இட்ஸ் ஓகே, அப்பா." சிறிது தூரம் போனபின் என் பக்கம் திரும்பினாள். "அம்மாட்ட சொல்லாதேங்கோ. சொன்னா நிப்பாட்டிப்போடுவா. ஹெலனுக்கும் வேண்டாம். ப்ராமிஸ்?"

ஹெலன் அவளுடைய பயிற்சியாளர்.

"ப்ராமிஸ்" என்றேன்.

தசைப்பிடிப்பு என்றுதான் நினைத்தேன். ஷெல் விழுந்த ஊரிலிருந்து வந்தவனுக்குப் பிள்ளையின் முதுகு நோ பெரிதாகத் தெரியவில்லை. ஆனால் விமலா நாள் முழுவதும் முதியவர்களைத் தூக்கி உட்காரவைக்கிறவள். முதுகு நோ என்றால் என்ன என்று அவளுக்குத் தெரியும். சொல்லியிருந்தால் அடுத்த நாளே பிள்ளையை டொக்டரிடம் கூட்டிப்போயிருப்பாள். அது தெரிந்தேதான் நான் சொல்லவில்லை.

ஒவ்வொரு பின்னேரமும் பயிற்சி முடிந்து வந்ததும் அவளுடைய இடுப்பில் தைலம் தேய்த்துவிட்டேன். விமலா வருமுன் மணம் போகட்டும் என்று யன்னலைத் திறந்துவைத்தேன். வேலைக்குப் போகுமுன் விமலா சோறும் கறியும் சமைத்துவைத்திருப்பாள். "இப்ப சாப்பிட்டா வளைய ஏலாது, வந்து சாப்பிடுறன்" என்பாள் தர்சினி. வந்தபின் ஒரு ஆப்பிளோடு முடித்துக்கொள்வாள். சட்டியில் சோறு மிஞ்சினால் விமலா கேள்வி கேட்பாள். ஆகவே மகளின் பங்கையும் நானே சாப்பிட்டேன். அவள் மெலிந்தாள். மண்டபத்தில் இருந்த எல்லாப் பிள்ளைகளும் மெலிவாக இருந்ததால் அது என் கண்ணில் படவில்லை. நான் கொழுத்தேன். "இப்பதான் என்ர சமையல் உங்களுக்குப் பிடிச்சிருக்கு" என்று விமலா சிரித்தாள்.

ஜூன் மாதத்தில் ஒரு சனிக்கிழமை தெரிவுப் போட்டி. நாடா ஆட்டத்தின் கடைசியில் தர்சினி முழங்காலில் நின்று பின்னால் வளைந்து, தலையைக் கம்பளத்தில் வைத்து முடிக்க வேண்டும். முடித்தாள். இசை நின்றது. எல்லோரும் கைதட்டினார்கள். அவள் எழும்பவில்லை. கைதட்டல் மெல்ல மெல்ல ஓய்ந்தது.

நான் ஓடிப்போனபோது ஹெலன் அவள் பக்கத்தில் படுத்து, முகத்தோடு முகம் வைத்துப் பேசிக்கொண்டிருந்தாள். "அவளை அசைக்க வேண்டாம்" என்று என்னைப் பார்த்துச் சொன்னாள்.

"அப்பா, இடது கால் விறைச்சுப்போச்சு" என்றாள் தர்சினி. அழவில்லை. அதுதான் எனக்குக் கூடுதல் பயமாக இருந்தது.

ஆம்புலன்ஸ் வருமுன் மண்டபத்து அலுவலகத் தொலைபேசியில் முதியோர் இல்லத்துக்கு எடுத்தேன். விமலா லைனுக்கு வந்தாள்.

"பிள்ளைக்கு முதுகிலை நோ. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகினம். நீர் நேரே அங்கை வாரும்."

"எப்ப துவங்கினது?"

"இப்பதான்" என்றேன்.

அவசர சிகிச்சைப் பிரிவில் இளம் வைத்தியர் ஒருவர் தர்சினியின் கால் விரல்களைத் தொட்டு, எந்த விரல் என்று கேட்டுக்கொண்டிருந்தார். விமலா வேலைச் சீருடையோடு வந்து கட்டில் தலைமாட்டில் நின்றாள். முதுகு நோ எவ்வளவு நாளாக இருக்கிறது என்று வைத்தியர் கேட்டார். தர்சினி என்னைப் பார்த்தாள். பிறகு ஆங்கிலத்தில் சொன்னாள்: ஜனவரி முகாமிலிருந்து, அப்பாவுக்குத் தெரியும்.

விமலாவுக்கு அந்த அளவு ஆங்கிலம் தாராளமாகப் புரியும். என் பக்கம் திரும்பினாள். "ஜனவரியோ?" என்று மட்டும் கேட்டாள். 

எக்ஸ்ரே எடுத்தார்கள். தர்சினியைப் பிள்ளைகளின் எலும்பு வார்டில் அனுமதித்து, தட்டையாகப் படுக்க வேண்டும், எழும்பி இருக்கவே கூடாது என்றார்கள். திங்கட்கிழமை எலும்பு நிபுணர் வந்தார். அவசரமில்லாமல் பேசும் உயரமான பெண்மணி. முள்ளந்தண்டின் பிளாஸ்டிக் மாதிரி ஒன்றைக் கையில் கொண்டுவந்திருந்தார். ஒவ்வொரு முள்ளெலும்பின் பின்புறத்திலும் இரு பக்கமும் ஒடுங்கிய பாலம் போல ஒரு துண்டு எலும்பு இருக்கிறது. முதுகைப் பின்னால் வளைக்கும்போதெல்லாம் பாரம் அந்தப் பாலங்களில் இறங்கும். வளரும் வயதில் அந்த இடம் இன்னும் முற்றியிருக்காது. திரும்பத் திரும்ப வளைத்தால் மெல்லிய விரிசல் விழும். இரண்டு பாலமும் விட்டால் முன்னால் இருக்கும் எலும்பு, கீழே உள்ள எலும்பின் மேல் வழுக்கத் தொடங்கும். தர்சினிக்குக் கடைசி இடுப்பு முள்ளெலும்பில் அதுதான் நடந்திருந்தது. கொஞ்சம் வழுக்கி, காலுக்குப் போகும் நரம்பை உரசியிருந்தது.

எனக்கு உடனே விளங்கியது. சரக்குப் பெட்டிகளைக் கட்டும் உலோகப் பட்டியை நாங்கள் வெட்டுக்கருவி இல்லாமல் உடைப்பதுண்டு. ஒரே இடத்தில் மடித்து நிமிர்த்தி, மடித்து நிமிர்த்தி. முதலில் அந்த இடம் சூடாகும். அந்தச் சூட்டின்மேல்தான் நான் நான்கு மாதமாகத் தைலம் பூசியிருக்கிறேன்.

"முதல் மாதத்தில் வந்திருந்தால் சில கிழமை ஓய்வு பெரும்பாலும் போதுமாக இருந்திருக்கும்" என்றார் நிபுணர். குற்றம் சாட்டும் குரல் இல்லை. நான் கேட்டேன், அவர் சொன்னார்.

விரிசல் புதியதா பழையதா, ஆற வாய்ப்பு இருக்கிறதா என்று பார்க்க எலும்பு ஸ்கேன் எடுக்க வேண்டும் என்றார்கள். கதிர்வீச்சு மருந்தை நரம்பில் ஏற்றுவார்கள் என்று கேட்டதும் விமலாவின் முகம் மாறியது. ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் கோமதி என்று தமிழ்நாட்டுப் பெண் ஒருத்தி வேலை பார்த்தாள். கோயில் கூட்டங்களில் கண்டு சிரிக்கும் அளவுக்குத்தான் பழக்கம். செய்தி கேள்விப்பட்டு, தன் மதிய இடைவேளையில் தயிர்சாத டப்பாவோடு வார்டுக்கு வந்துவிட்டாள்.

"பயப்படாதீங்க அக்கா. ரொம்பக் கொஞ்சமாத்தான் போடுவாங்க. ரெண்டு மூணு மணி நேரம் வெயிட் பண்ணணும், அது எலும்புல போய்ச் சேரணும்ல. எலும்பு எங்க தன்னைத்தானே ரிப்பேர் பண்ணிக்கிட்டிருக்கோ, அங்க கூடுதலாப் போய் ஒட்டிக்கும். படத்துல அந்த இடம் கறுப்பாத் தெரியும். நிறைய தண்ணி குடிச்சா மருந்து தானா வெளியே போயிடும்."

"குத்துற நோ மட்டும்தானோ?"

"ஆமா, ஊசி மட்டுந்தான். நான் வேணா கூட இருக்கேன்."

உண்மையாகவே கூட இருந்தாள். அந்த மூன்று மணி நேரத்தில் பாதியை எங்களோடு காத்திருப்பு அறையில் கழித்துவிட்டுத்தான் வேலைக்குத் திரும்பினாள்.

பின்னேரம் நிபுணர் படத்தை வெளிச்சப் பெட்டியில் மாட்டினார். தர்சினியின் எலும்புக்கூடு முழுவதும் சாம்பல் நிறத்தில் தெரிந்தது. இடுப்புக்குச் சற்று மேலே இரண்டு கரும்புள்ளிகள். அவற்றை நான் எதிர்பார்த்திருந்தேன். பிறகு அவர் பேனையைக் கீழே கொண்டுபோய் வலது முழங்காலுக்குக் கீழே, முன்னெலும்பில் வைத்தார். அங்கே இன்னொன்று.

"இது எப்போதிலிருந்து நோகிறது?" என்று தர்சினியைக் கேட்டார். அவள் கூரையைப் பார்த்தபடி படுத்திருந்தாள். கொஞ்ச நாளாக, என்றாள்.

அந்த இரகசியத்தில் நான் பங்காளி என்று நினைத்திருந்தேன். நிபுணர் போனபின் கேட்டேன். "எனக்கேன் பிள்ளை சொல்லேல்லை?"

"ஒரு நோ எண்டா நீங்கள் பேசாமல் இருப்பீங்கள். ரெண்டு எண்டா பயந்து அம்மாட்ட சொல்லியிருப்பீங்கள்."

என்னை அவ்வளவு சரியாக அளந்துவைத்திருந்தாள்.

அந்த மூன்றாவது புள்ளிதான் அடுத்த கேள்விகளைக் கொண்டுவந்தது. மறுநாள் நிபுணர் உணவு ஆலோசகர் ஒருவரையும் கூட்டிவந்து, திரைச்சீலையை இழுத்துவிட்டு எங்கள் மூவரோடும் உட்கார்ந்தார். மாதவிடாய் தொடங்கிவிட்டதா என்று கேட்டார். எனக்குத் தெரியாது. பதினான்கரை வயது மகளைப் பற்றி அந்த விஷயம் எனக்குத் தெரியாது. விமலா தலையை ஆட்டினாள்.

"இன்னும் இல்லை. கனடாவிலை இருந்து என்ர அக்கா போன் எடுக்கிற நேரமெல்லாம், பிள்ளை பெரியபிள்ளையாகேல்லையோ எண்டு கேட்கிறவ" என்று என்னிடம் தமிழில் சொன்னாள். "இங்கத்தைக் குளிருக்குப் பிந்தும் எண்டு நான்தான் அவவுக்குச் சொல்லிக்கொண்டிருந்தனான்." நான் அதை ஆங்கிலத்தில் சொன்னேன். சொல்லும்போது என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போல இருந்தது.

இந்த வயதில் தொடங்காமல் இருப்பது தனியே ஒரு நோய் அல்ல என்றார் நிபுணர். ஆனால் இந்த எடையையும் இரண்டு இடத்து முறிவுகளையும் அதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். செய்யும் பயிற்சிக்குப் போதுமான சாப்பாடு உள்ளே போகாவிட்டால், உடம்பு முதலில் மாதவிடாயைத் தள்ளிப்போடும். எலும்புக்குப் பலம் தரும் சுரப்பு அதனால் குறையும். வளர வேண்டிய வயதில் எலும்பு தேறாமல் போகும். மெலிந்த உடம்பைப் பார்த்துக் கைதட்டும் விளையாட்டுகளில் இது அடிக்கடி நடக்கிறது, யாருக்கும் தெரியாமல் நடக்கிறது என்றார்.

உணவு ஆலோசகர், வீட்டில் இவள் எவ்வளவு சாப்பிடுகிறாள் என்று கேட்டார்.

"நல்லாச் சாப்பிடுவாள்" என்று விமலா ஆங்கிலத்தில் உறுதியாகச் சொன்னாள். "நான் சமைத்துவைத்துவிட்டுப் போவேன். வந்து பார்த்தால் ஒவ்வொரு நாளும் சட்டி காலியாக இருக்கும்."

தர்சினி வாயைத் திறக்குமுன் நான் சொன்னேன். அந்த ஒன்றையாவது அவள் வாயிலிருந்து வரவிடக் கூடாது என்று தோன்றியது. "அதை நான்தான் சாப்பிட்டனான், விமலா."

அவள் என்னைப் பார்க்கவில்லை. வார்டு நடையில், குளிர்பான இயந்திரத்துக்குப் பக்கத்தில் வைத்துத்தான் பேசினாள். குரலை உயர்த்தவில்லை.

"நோவை மறைச்சது விளங்குது. பிள்ளை அழுது கேட்டிருப்பாள், உங்களுக்கு மனம் வந்திருக்காது. ஆனா அந்தச் சோத்தை நான் அவளுக்கெண்டு ஆக்கி வச்சிட்டு, பத்துப் பேரைக் குளிப்பாட்டி உடுப்பு மாத்தப் போனனான். அதைத் திண்டு சட்டியைக் கழுவி வச்சீங்களே. அது என்ன மனம்?"

அவள் வார்டுக்குத் திரும்பி நடந்தாள்.

தர்சினி பதினொரு நாட்கள் அந்த வார்டில் இருந்தாள். அவளைத் திருப்புவதென்றால் முதுகு சற்றும் முறுகாமல், உடம்பு முழுவதையும் ஒரு மரக்குற்றி போல ஒரே வீச்சில் திருப்ப வேண்டும். அதற்கு இரண்டு தாதிகள் வேண்டும். ஒரு காலை ஒரே ஒரு தாதிதான் இருந்தார். விமலா கையைக் கழுவிக்கொண்டு போய், விரிப்பின் ஓரத்தைச் சுருட்டிப் பிடித்து, ஒரு காலைப் பின்வைத்து நின்று, "மூண்டு எண்டதும்" என்று மகளிடம் சொன்னாள். தர்சினி முனகக்கூடச் செய்யாமல் பக்கவாட்டில் திரும்பினாள். தாதி வியந்து, எங்கே படித்தீர்கள் என்று கேட்டார். வேலையில், என்றாள் விமலா.

பிறகு கட்டில் தலைமாட்டில் பிளாஸ்டிக் தாளை விரித்து, பேசினில் வெந்நீர் வைத்து, ஆறு நாளாகச் சிக்குப்பட்டிருந்த தலைமுடியை ஒரு துளியும் முதுகில் படாமல் கழுவிவிட்டாள். தர்சினி கண்ணை மூடிக்கொண்டாள். கம்பளத்தில் விழுந்தபோது வராத கண்ணீர் அப்போதுதான் வந்தது. காதுப் பக்கமாக வழிந்து வெந்நீரோடு கலந்தது. நான் துவாயைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஐந்து வருடமாக விமலா இந்த வேலைக்குப் போய்வருகிறாள். அது என்ன வேலை என்று அன்றுதான் பார்த்தேன்.

வீட்டில் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஒன்பதாம் நாள் வேலை முடிந்து வார்டுக்கு வந்தபோது விமலா தன் சாண்ட்விச்சில் பாதியை என்னிடம் நீட்டினாள். "நீங்கள் பட்டினி கிடந்து ஒண்டும் திரும்பி வராது. பிடியுங்கோ." நடையில் பேசியதற்குப் பிறகு அவள் எனக்குச் சொன்ன நீளமான பேச்சு அதுதான்.

ஹெலனும் வந்தாள். கண்கள் சிவந்திருந்தன. அவளும் சிறுவயதில் இதே விளையாட்டு ஆடியவள். தனக்குக் கற்பித்த விதத்திலேயே கற்பித்தவள். பூங்கொத்தைத் தாதியிடம் கொடுத்துவிட்டு, வார்டின் பிசியோதெரபிஸ்ட் மெரே வந்ததும், தன் பயிற்சிக் குறிப்பேட்டை அவரிடம் திறந்துகாட்டினாள்.

"நான் எங்கே பிழைவிட்டேன் என்று பார்த்துச் சொல்லுங்கள்."

மெரே சிரித்த முகமுள்ள மாவோரிப் பெண். பக்கங்களைப் புரட்டும்போது சிரிப்பு குறைந்தது. "எல்லா வளைவும் இடது பக்கமே இருக்கிறதே?"

"அவளுக்கு அந்தப் பக்கம்தான் அழகாக வரும்."

"உயர்த்துவது ஒரே கால். ஊன்றி நிற்பதும் குதித்து இறங்குவதும் ஒரே வலது கால். இந்த வருடம் எவ்வளவு வளர்ந்தாள்?"

விமலா கையால் காட்டினாள். பள்ளிச் சீருடையை இரண்டு முறை இறக்கித் தைத்திருந்தாள்.

மெரே எங்களுக்கும் சேர்த்து விளக்கினார். பிள்ளை வேகமாக வளரும் மாதங்களில் எலும்பு முந்திக்கொண்டு போகும், தசை பின்தங்கும். அந்தக் காலத்தில் வளைவுகளைக் கூட்டாமல் குறைக்க வேண்டும். உடல் வளையும் அளவுக்கு வயிற்றுத் தசையும் இடுப்புத் தசையும் பலமாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் எல்லாப் பாரமும் அந்தச் சின்னப் பாலத்தில்தான் இறங்கும். இரு பக்கமும் சமமாகப் பழக வேண்டும். கிழமையில் முழு ஓய்வு நாட்கள் வேண்டும். பயிற்சிக்கு முன்னும் பின்னும் சாப்பிட வேண்டும். பயிற்சியின்போது நொந்து அடுத்த நாளும் நின்றுவிடாத நோவை வைத்தியரிடம் காட்ட வேண்டும். பின்னால் வளையும்போது வரும் முதுகு நோவை ஒரு நாளும் சாதாரணமாக எடுக்கக் கூடாது.

"ஒவ்வொரு கிழமையும் அவளைக் கேட்டேனே" என்றாள் ஹெலன். "நல்லா இருக்கிறேன் என்றுதானே சொன்னாள்."

"எங்கே வைத்துக் கேட்டீர்கள்?"

ஹெலன் யோசித்தாள். "கம்பளத்தில். எல்லாப் பிள்ளைகளுக்கும் முன்னால்."

ஹெலன் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டாள்.

எட்டாம் நாள் தர்சினியை ஒரு சட்டகத்தில் படுக்கவைத்து, உடம்பைச் சுற்றி மாவுக்கட்டுக்குப் பாவிக்கும் ஈரப் பரிஸ்சாந்துத் துணி சுற்றி அச்செடுத்தார்கள். அதிலிருந்து நெஞ்சு முதல் இடுப்புவரை மூடும் பிளாஸ்டிக் கவசம் ஒன்று வந்தது. குளிக்கும் நேரம் தவிர எந்நேரமும், ஆறு மாதம். அதற்குள் எலும்பு பொருந்தாமல் வழுக்கலும் கூடினால் சத்திரசிகிச்சை. இடுப்பிலிருந்து எலும்பு எடுத்து வைத்து, இரண்டு முள்ளெலும்புகளையும் திருகாணியால் ஒன்றாக இறுக்குவார்கள். அந்த ஆறு மாதமும் 'திருகாணி' என்ற சொல்லை எங்கள் வீட்டில் யாரும் வாயால் சொல்லவில்லை.

விமலா பகல் வேலைக்கு மாறினாள். ஆறரை மணிக்கு மூவரும் ஒன்றாகச் சாப்பிட்டோம். ஆரம்பத்தில் தர்சினிக்கு ஒவ்வொரு கவளமும் போராட்டம். கவசம் வயிற்றை நெரிக்கிறது என்பாள், கோபித்து எழும்புவாள். விமலா கெஞ்சவில்லை, திட்டவில்லை. அவள் திரும்பிவந்து உட்காரும்வரை தன் சோற்றுக் கோப்பையைத் தொடாமல் இருந்தாள். செப்டம்பரில் ஒரு நாள் தர்சினி தானாக இரண்டாம் முறை சோறு கேட்டாள். நாங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் இருக்கப் பாடுபட்டோம்.

அந்த மாதம் ஹெலன் பெற்றோர் கூட்டம் ஒன்றை வைத்து என்னைப் பேசச் சொன்னாள். முள்ளெலும்பின் பாலத்தைப் பற்றிச் சொன்னேன். வலது, இடது பற்றிச் சொன்னேன். ஓய்வு நாட்களைப் பற்றிச் சொன்னேன். எல்லோரும் தலையாட்டினார்கள், ஒருவர் வந்து கைகுலுக்கினார். கவசத்தோடு பின்வரிசையில் நின்ற தர்சினி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

டிசம்பரில் கடைசி ஸ்கேன். காலெலும்பு முற்றாக ஆறியிருந்தது. முதுகில் வலது பக்கப் பாலம் பொருந்திவிட்டது. இடது பக்கம் பொருந்தவில்லை, இனிப் பொருந்தாது. ஆனால் வழுக்கல் கூடவில்லை, நரம்பு தப்பியிருந்தது, சத்திரசிகிச்சை வேண்டாம். நீந்தலாம், ஓடலாம், பிள்ளைகள் பெறலாம் என்று நிபுணர் ஒவ்வொன்றாகச் சொன்னார். பின்னால் வளையும் ஆட்டம் மட்டும் இனி இல்லை.

திரும்பும் வழியில் விமலாவை வேலையில் இறக்கிவிட்டபின், காரில் நானும் தர்சினியும் மட்டும்தான். கவசம் அவள் மடியில் இருந்தது.

"ஏனப்பா நீங்கள் அம்மாட்ட சொல்லேல்லை?" என்று கேட்டாள்.

"நீதானே பிள்ளை சொல்ல வேண்டாம் எண்டு கேட்டனி."

அவள் ஆங்கிலத்துக்கு மாறினாள். அவசரம் வந்தால் அவளுக்கு ஆங்கிலம்தான். "அப்போது எனக்குப் பதினான்கு வயது, அப்பா. உங்களுக்கு நாற்பத்திநான்கு."

காரை வீதியோரத்தில் நிறுத்தினேன். அவள் இன்னும் முடிக்கவில்லை. "அந்தக் கூட்டத்தில் எலும்பைப் பற்றி எல்லாம் சொன்னீர்கள். ப்ராமிஸைப் பற்றிச் சொல்லவில்லை. சாப்பாட்டைப் பற்றியும் சொல்லவில்லை."

கோடை முடிந்து பயிற்சி திரும்பத் தொடங்கியபோது நானாக ஹெலனிடம் போய், இன்னொரு தரம் பேச வேண்டும் என்று கேட்டேன். இந்த முறை விமலா முன்வரிசையில் இருந்தாள். என் ஆங்கிலம் தடுமாறியது, இருந்தாலும் எல்லாவற்றையும் சொன்னேன். காரில் கொடுத்த வாக்கு, யன்னலைத் திறந்துவைத்தது, சட்டியைக் கழுவியது, தொலைபேசியில் 'இப்பதான்' என்றது. இந்த முறை யாரும் தலையாட்டவில்லை. நான் எல்லோருடைய பாதங்களையும் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஒரு தாய் கையை உயர்த்தினாள். "அப்படியென்றால் பிள்ளையிடம் நாங்கள் என்னதான் கேட்க வேண்டும்?"

தர்சினி நாற்காலியிலிருந்து எழுந்தாள்.

"நல்லா இருக்கிறாயா என்று கேட்க வேண்டாம். நல்லா இருக்கிறேன் என்றுதான் சொல்லுவோம். எங்கே நோகிறது என்று கேளுங்கள், தனியாகக் கேளுங்கள். பிறகு யாரிடமும் சொல்லாதீர்கள் என்று நாங்கள் கெஞ்சுவோம். அழுவோம். ப்ராமிஸ் கேட்போம்." என்னைப் பார்த்தாள். "கொடுக்காதீர்கள்."

உட்கார்ந்தாள். விமலா அவளுடைய முழங்காலில் கையை வைத்தாள்.

அடுத்த கிழமை மூன்று பெற்றோர் தங்கள் பிள்ளைகளை மெரேயிடம் கூட்டிப்போனதாக ஹெலன் தொலைபேசியில் சொன்னாள். இருவருக்கு ஒன்றுமில்லை. மூன்றாவது பிள்ளைக்குப் பதினொரு வயது. முதுகில் ஒரு பக்கம் மட்டும், இப்போதுதான் தொடங்கிய விரிசல். ஓய்வில் ஆறிவிடும் என்று சொல்லியிருக்கிறார்கள். அந்தப் பிள்ளை எங்கள் எல்லோர் மேலும், முக்கியமாகத் தர்சினி மேல், கடுங்கோபத்தில் இருக்கிறதாம்.

தர்சினியிடம் சொன்னேன். அவள் அந்தப் பிள்ளையின் தொலைபேசி இலக்கத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டு, தொலைபேசியோடு அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினாள்.